இருபத்து நாலு வயதில் ஒரு டோப்பா

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஓர் இளைஞனுக்கு முடி கொட்டத் தொடங்கினால் முதலில் பழி விழுவது தண்ணீர்மீதுதான். "இங்கத்த தண்ணி ஒத்துக்கல" என்று அங்குள்ள மண்ணூரில் தொழிற்சாலை வேலைக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கும் விழுப்புரத்துக்காரரும் சொல்வார், பாட்னாவிலிருந்து வந்தவரும் தன் மொழியில் அதையேதான் சொல்வார். அடுத்த பழி ஹெல்மெட்டுக்கு. அதற்கடுத்து நைட் ஷிஃப்ட், பிறகு மெஸ் சாப்பாடு. எல்லாமே வேலை பார்க்க வந்த ஊரோடு ஒட்டியவை. அதனால், சொந்த ஊருக்குப் போனால் போன முடியும் வந்துவிடும் என்றொரு ஆறுதலும் இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது.

அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. போர் தண்ணீரின் உப்பு முடியை வறட்டும், சிக்காக்கும், நுனியில் உடைக்கும். ஆனால், நெற்றியின் இரு ஓரங்களும் பின்வாங்கி உச்சியில் தோல் தெரிய ஆரம்பிக்கிறதே, அது தண்ணீரின் வேலை அல்ல. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு எளிதில் ஆட்படும் முடிவேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெல்லிய, இன்னும் குட்டையான முடியையே வளர்க்கின்றன. பருவமடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் விழுகிறது என்பதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1942இலேயே எழுதிவிட்டார். ஹெல்மெட் அப்போதே விடுதலையாகியிருக்க வேண்டும்.

"தாய்மாமன் தலையைப் பார், உன் தலை தெரியும்" என்று வீடுகளில் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை உணரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது மகனுக்குத் தாய்வழியில்தான் வருகிறது. ஆனால், வேறு பல மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு, அவை அப்பா பக்கத்திலிருந்தும் வரும். மாமாவுக்கு அடர்ந்த முடி இருப்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தண்ணீரைச் சந்தேகிப்பது மண்ணூரின் தனிப் பழக்கமும் அல்ல. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில், சில நாட்களிலேயே தலை முழுவதும் மொட்டையாகும் அளவுக்கு மக்களுக்கு முடி கொட்டியது. அங்கும் முதலில் தண்ணீரைத்தான் எடுத்துச் சோதித்தார்கள். பிறகு மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரேஷன் கோதுமையில் இருந்த மிகுதியான செலினியத்தைக் காரணமாகச் சுட்டினார். கொத்துக்கொத்தாகத் திடீரென உதிர்வது வேறு, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பின்வாங்குவது வேறு. டெங்கு, டைஃபாய்டு வந்துபோன இரண்டு, மூன்று மாதங்களில் தலையணை முழுக்க முடி கிடக்கும். பெரும்பாலும் அது தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். தனக்கு வந்திருப்பது எது என்று தெரியாமலேயே இளைஞர்கள் பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் இங்கே கவலை.

கடை என்றால் 'ஹேர் ஃபிக்ஸிங்' கடை. போனைத் திறந்து முடி உதிர்வு என்று ஒருமுறை தேடினால் போதும், அடுத்த ஒரு வாரம் ரீல்ஸ் எல்லாம் அதுவாகவே வரும். நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு வெட்டுக்குப் பிறகு சுருள் முடியோடு சிரிப்பார். கடைக்காரர் அந்த முடியைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். ஷவரில் நிற்க வைப்பார், பைக்கில் ஓட்டிப்போவார். அறுவை சிகிச்சை இல்லை, வலி இல்லை, ஒரு மணி நேரத்தில் பழைய முகம்.

அதில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்லாமல் விடுவதுதான் நிறைய. லேஸ் அல்லது மெல்லிய பாலியூரித்தேன் விரிப்பில் ஒவ்வொரு முடியாகப் பொருத்திச் செய்வதுதான் அங்கே ஒட்டும் 'பேட்ச்' என்ற டோப்பா. ஒட்டுவதற்கு வசதியாக உச்சியில் மிச்சமிருக்கும் முடியை மழித்து, பசையோ இருபக்க டேப்போ வைத்து ஒட்டுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தலையையும் பேட்சையும் கழுவி, மறுபடி மழித்து ஒட்ட வேண்டும்; இதற்குப் பெயர் சர்வீஸ். மெல்லிய விரிப்பு சில மாதங்கள்தான் உழைக்கும். கொஞ்சம் தடித்த மோனோ வகை கவனமாக வைத்திருந்தால் ஒரு வருடம் வரலாம். ஆக, 'பர்மனென்ட்' என்று பலகையில் எழுதியிருப்பது செலவுக்குத்தான் பொருந்தும். மாதச் சம்பளம் இருபதாயிரத்தைத் தொடாத ஒரு பயிற்சித் தொழிலாளிக்கு அறை வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்பும் பணம், பைக் இஎம்ஐ எல்லாம் போக, தலைக்கும் ஓர் இஎம்ஐ.

இந்தத் தொழிற்சாலைப் பட்டையின் வேலையும் பேட்சுக்கு உகந்ததல்ல. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்ததும் இந்த வட்டாரத்தைக் கார்களின் ஊராக மாற்றின. கார் ஆலையில் பெயின்ட் ஷாப் என்றொரு பகுதி உண்டு. சிலிகான் கலந்த ஹேர் சீரம், கிரீம் போன்றவற்றின் துளி ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் படியாமல் குழி விழும் என்பதால் அங்கே அவற்றுக்குத் தடை உண்டு. பேட்சைப் பளபளப்பாக வைத்திருக்கக் கடைகள் கையில் கொடுத்தனுப்புவது பெரும்பாலும் அந்த சீரத்தைத்தான். மற்றப் பகுதிகளில் தொப்பி, ஹெல்மெட், வியர்வை. மே மாதத்தில் ஃபோர்ஜிங் ஷெட்டில் எட்டு மணி நேரம் நிற்பவரின் உச்சியில் பசை என்ன பாடுபடும் என்று ரீல்ஸில் யாரும் காட்டுவதில்லை. அரிப்பு, கொப்புளம், பசை ஒவ்வாமை எல்லாம் வந்த பிறகுதான் பலர் தோல் மருத்துவரின் வாசலுக்கே போகிறார்கள்.

வேலை நேரம் முழுக்கத் தொப்பிக்குள் இருக்கும் தலைக்கு யாருக்காக இந்த முடி? பயோடேட்டாவில் ஒட்டும் போட்டோவுக்காகத்தான். "பையனுக்கு கம்பெனி வேலை, நல்ல குடும்பம், ஆனா முன்னாடி முடி இல்லையே" என்ற ஒரு வரி போதும், ஜாதகம் திரும்பி வந்துவிடும். பெண்ணின் நிறத்தையும் எடையையும் தலைமுறைகளாக எடைபோட்ட அதே திருமணச் சந்தை இப்போது பையனின் நெற்றியை அளக்கிறது என்பதில் சிலருக்கு உள்ளூர ஒரு திருப்தி இருக்கலாம். அளக்கப்படும் இருபத்து நாலு வயதுக்காரனுக்கு அந்தப் பழங்கணக்கு தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முகூர்த்தத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதுதான்.

அப்படிச் செய்தவை எங்கே போய் முடிந்தன என்பதற்குச் செய்திகள் உண்டு. மும்பையை அடுத்த மீரா ரோட்டில் 2020இல், வழுக்கையை மறைத்துத் திருமணம் செய்துகொண்டதாகக் கணவர்மீது ஒரு பெண் போலீசில் புகார் கொடுத்தார். உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் 2022இல், மணமேடை நேரத்தில் மாப்பிள்ளை மயங்கி விழ, விக் கழன்று, கல்யாணமே நின்றது. இந்தக் கதையைச் சினிமாவும் விடவில்லை. 2017இல் ராஜ் பி. ஷெட்டி இயக்கி நடித்த 'ஒந்து மொட்டெய கதெ' கன்னடத்தில் ஓடி, 2019இல் 'உஜ்டா சமன்' என இந்திக்குப் போனது. அதே ஆண்டில் வந்த இந்திப் படமான 'பாலா'வில் ஆயுஷ்மான் குரானா விக் வைத்துக் கல்யாணம் செய்து மாட்டிக்கொண்டார்.

தமிழ்ச் சினிமாவின் கணக்கு விசித்திரமானது. திரையில் விக்கோடு வரும் ரஜினிகாந்த், விழா மேடையில் வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாக வந்து உட்காருவார். ஒரு ரசிகரும் குறைந்ததில்லை. 'சிவாஜி'யில் மொட்டைத் தலையைத் தட்டிக்கொண்டு வந்ததற்குத் தியேட்டரே எழுந்து கத்தியது. சத்யராஜ் வெளியில் விக் இல்லாமலேயே நடமாடுகிறார். ஆனால், அவர்களுக்கெல்லாம் விக் ஒரு தொழில்கருவி, மேக்கப்போடு வைத்து மேக்கப்போடு கழற்றுவது. மண்ணூர் இளைஞன் வாங்குவது கழற்ற முடியாத ரகசியம். அறைத்தோழன் பார்க்காமல் சர்வீசுக்குப் போக வேண்டும், குளியலறையில் தாழ்ப்பாள் போட வேண்டும், ஓவர்டைம் விழுந்தால் ஓரம் பெயர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டும்.

பெண்கள் சவுரி வைத்துக்கொள்வதில் இந்தப் பயம் என்றைக்கும் இருந்ததில்லை. கோயில் தேர்த்திருவிழாக் கடைகளில் வளையலுக்குப் பக்கத்தில் சவுரி தொங்கும், பேரம் பேசி வாங்குவார்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சேர்த்துவைத்துத் தனக்கே சவுரி கட்டிக்கொண்ட பாட்டிகளும் உண்டு. மணமகள் சடையில் பாதி சவுரி என்பது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். யாரும் போலீசுக்குப் போனதில்லை. ஆண் ஒட்டிக்கொண்டால் மட்டும் அது ஏன் மோசடியாகிறது? மறைப்பதால்தான். டோப்பா வைப்பதில் ஒரு தப்பும் இல்லை, வைத்திருப்பதைச் சொல்லாமல் பெண் பார்க்கப் போவதில் இருக்கிறது.

பேட்சுக்கான முடி வரும் வழியும் வேடிக்கையானது. மண்ணூர்க்காரர்கள் மொட்டை போடப் போகும் திருத்தணியும் திருப்பதியும் உலக முடிச் சந்தைக்குச் சரக்கு தரும் தலங்கள். காணிக்கை முடி ஏலத்துக்குப் போகிறது. இதில் பெரும்பகுதி சீனாவின் ஷுசாங், சிங்டாவ் நகரங்களின் விக் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்த காலம் நீண்டது. 2004இல், திருப்பதி முடியில் செய்த விக்குகள் வேற்று வழிபாட்டோடு தொடர்புடையவை என்று யூத மதகுரு ஒருவர் தடை சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் யூதர்கள் அவற்றைத் தெருவில் குவித்து எரித்தார்கள். கச்சா முடி கடத்தப்பட்டு உள்ளூர்த் தொழில் நசிகிறது என்று 2022இல் இந்திய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கோயிலில் மனமுவந்து கொடுத்த முடி, கடல் தாண்டிப் போய், பேட்சாகத் திரும்பிவந்து, இங்கே ஒருவனின் மூன்று மாதச் சேமிப்பை வாங்கிக்கொள்கிறது.

பேட்சின் உண்மையான இழப்பு பணம்கூட இல்லை, காலம். வழுக்கைக்கு ஓரளவு நிரூபணமான மருந்துகள் இரண்டு. ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளர்க்கும் பக்கவிளைவால் பெயர்பெற்ற மினாக்சிடில் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1988இல். ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1997இல். இரண்டுமே போன முடியை மீட்பதைவிட இருக்கும் முடியைக் காப்பதில்தான் வல்லவை. அதனால், கொட்டத் தொடங்கிய முதல் சில வருடங்கள்தான் அவற்றுக்கான காலம். பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பசை போட்டு ஒட்டிய பேட்சுக்கு அடியில் தினமும் மருந்து தடவ முடியாது. காப்பாற்றியிருக்கக்கூடிய முடி, வாங்கிய முடிக்கு அடியிலேயே போய்விடுகிறது. ஃபினாஸ்டிரைடை நண்பன் சொன்னான் என்று மெடிக்கலில் வாங்கி விழுங்கவும் கூடாது. பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் சிலருக்கு வருவதுண்டு. தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025இல் உறுதிப்படுத்தியிருக்கிறது.

முடி நடும் சிகிச்சைக்குத் தாவுவதும் அவசரம்தான். 2016இல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அப்படியொரு சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார்; சலூன் உரிமத்தை வைத்துக்கொண்டு இயங்கிய அந்த மையத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். இதைச் செய்யப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது செல்லாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது.

வழுக்கைத் தலைமீதான கேலியைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு தொழிற்சாலை எலெக்ட்ரீஷியனை மேற்பார்வையாளர் வழுக்கையைச் சொல்லித் திட்டியது பாலினம் சார்ந்த துன்புறுத்தல் என்று வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பளித்தது. வழுக்கை பெண்களைவிட ஆண்களுக்கே மிக அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இங்கே அசெம்பிளி லைனில் 'டேய் சொட்டை' என்பது பட்டப்பெயராகவே நிலைத்துவிடுகிறது. கேன்டீனில் மேலதிகாரியும் சேர்ந்து சிரிப்பார். ஹெச்.ஆர். பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

பேட்ச்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு அது அவர் உரிமை. ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள், சென்னை கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த அட்டையோடு போய்க் கேட்கலாம். கடையில் கேட்க வேண்டியவையும் உண்டு. பேட்ச் எத்தனை மாதம் தாங்கும், சர்வீசுக்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு, இரவில் கழற்றி வைக்கும் கிளிப் வகை இருக்கிறதா, உச்சியை மழிக்காமல் வைக்க முடியுமா? பசையை முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொன்னால், சரி என்கிற கடையாக இருக்க வேண்டும். சிரித்துவிட்டுக் கத்தரியை எடுத்தால் எழுந்து வந்துவிடலாம்.