பூக்கும் முன்னே பிடுங்குவோம்!

விதை நல்ல விதை. உழவும் ஆழ உழவு. மழையும் பருவத்தில் பெய்தது. ஆனால் சோளம் முளைக்கவில்லை. முளைத்ததும் நோஞ்சானாய் நிற்கிறது. நிலக்காரர் விதைக் கடைக்காரரை ஏசுகிறார். கடைக்காரரோ விதைத்தவன் கைராசியைக் குறை சொல்லுகிறார். கடைசியில் நட்டம் யாருக்கு? அறுப்பு இல்லை, கூலியும் இல்லை என்று வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளிக்கு!

தோழர்களே, இப்படிப்பட்ட காட்டின் வரப்பை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பூக்களோடு இடுப்புயரம் நிற்கிறதே ஒரு செடி, அதுதான் பார்த்தீனியம்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் நாட்டில் 1955-ல் பூனாவில் இதைக் கண்டார்கள். இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. வடக்கே இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்றே பெயர்!

மற்றக் களைகள் பயிரின் உரத்தையும் தண்ணீரையும் பங்கு கேட்கும். இதுவோ மண்ணையே நஞ்சாக்குகிறது. இதன் இலையிலும் தண்டிலும் பூவிலும் பார்த்தீனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. மழையில் கரைந்தும், செடி மக்கியும் அது மண்ணில் இறங்குகிறது. பக்கத்து விதையின் முளைப்பைத் தடுக்கிறது, வேரைக் குறுக்குகிறது. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளையும் குறைக்கிறது. ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். காற்றும் வாய்க்காலும் லாரிச் சக்கரமும் அதை ஊர் ஊராய்ச் சுமக்கின்றன.

என்ன செய்யலாம்? முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இது பூத்துவிடும். அதற்கு முன்பே, மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியைக் குழியிலிட்டு மக்கவைத்தால் எருவாகும். பயிரில்லாத இடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும், 2 மில்லி சோப்புத் திரவமும் கலந்து தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்பு கூடாது. தரிசில் துத்தியை வளர்த்தால் அது இந்தக் களையை நெருக்கும். மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட ஒரு வண்டு மழைக்காலத்தில் இதன் இலையைத் தின்று தீர்க்கிறது.

வழிகள் இருந்தும் களை ஏன் ஒழியவில்லை? ஒருவர் தன் காட்டைச் சுத்தம் செய்தால் போதாது. ரயில் பாதையோரத்திலும், புறம்போக்கிலும், மூடிக் கிடக்கும் ஆலைகளின் வளாகத்திலும் அது பூத்து நிற்கிறதே! அங்கிருந்து விதை மறுபடி வருகிறது. வெறுங்கையால் பிடுங்கும் பெண்களுக்கோ அரிப்பும் கொப்புளமும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் இழுப்பும். நாள் முழுதும் உழைத்தால் கிடைப்பது அரைக் கூலி, முழுச் சொறி!

ஆகவே இது தனியாள் வேலையல்ல, பொது வேலை. பஞ்சாயத்தும் நகராட்சியும் ரயில்வேயும் ஆலை முதலாளியும் அவரவர் இடத்தைப் பூக்கும் முன்னே சுத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யும் தொழிலாளிக்கு முழுக் கூலி, கையுறை, முகத்துணி தர வேண்டும். கிராமசபையில் விவசாயத் தொழிலாளர் இதைக் கேட்கட்டும். ஆலை வாசலில் சங்கத் தோழர்கள் இதைக் கேட்கட்டும். ஆலை வளாகத்து விதைதான் காட்டின் முளையைக் கெடுக்கிறது என்றால், ஆலைத் தொழிலாளியும் காட்டுத் தொழிலாளியும் சேர்ந்துதானே அதைப் பிடுங்க வேண்டும்?

அடுத்த மழை வருமுன் கோரிக்கையை எழுப்புவோம்!