ஓவியத்தைக் காத்தவர்

இயற்கைக் காட்சியைத் தீட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்பார் சிலர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை.

தைவான் நாட்டு ஓவியர் சென் செங்-போ 1895-இல் சியாயி நகரில் பிறந்தவர். டோக்கியோவில் கலை பயின்றார். 1926-இல் ஜப்பானிய அரசின் கலைக் கண்காட்சிக்குத் தைவானியர் ஒருவரின் எண்ணெய் வண்ண ஓவியம் முதன்முதலாகத் தேர்வாயிற்று. அது சென் தீட்டிய சியாயித் தெருக் காட்சியே! ஒளியைப் போற்றும் இம்ப்ரஷனிச முறையின் சாயலோடு, தம்சுய் துறைமுகத்தின் செங்கூரைகளையும் நீர்ப்பரப்பையும் அவர் பலமுறை தீட்டினார்.

1947-இல் அரசை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படையினரிடம் சமாதானம் பேசச் சென்ற சென், மார்ச் 25 அன்று சியாயி ரயில் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. எனினும் அவருடைய மனைவி சாங் சியே அவ்வோவியங்களைப் பல்லாண்டுகள் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார்.

இன்று உலகம் அந்தக் கடலோர வெயிலைக் காண்கிறதென்றால் அதற்கு அப்பெண்மணியின் துணிவே காரணம். தோழியரே, தீட்டியவரைப் புகழும் நாம் காத்தவரை மறக்கலாமா? சென் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் சாங் சியேயின் பெயரையும் சொல்வதே நீதி என்போம்.