கத்தாத நாய்க்கும் வலிக்கும்

"கத்தவே இல்லையே டாக்டர், வலியிருந்தால் கத்தாதா?" பின்னங்காலைத் தூக்கியபடி நிற்கும் லாப்ரடாரின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்காதவர்கள் குறைவு. இரண்டு மாதமாக நொண்டுகிறதாம். நாய்க்கு எல்லாம் தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டார்களாம்.

இந்த நம்பிக்கை கொடுமையானது. நாய் வலியைக் குரலில் காட்டுவது அரிது, உடம்பில் காட்டும். அதன் பின்னால் நின்று இரண்டு தொடைகளையும் இரு கைகளால் வளைத்துப் பிடித்துப் பாருங்கள். நொண்டும் பக்கத்துத் தொடை சதை வற்றிக் கைக்குள் அடங்கிவிடும். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கும். நிற்கும்போது விரல்நுனி மட்டும் தரையில் படும். இதற்கு மேல் அது எப்படிச் சொல்ல வேண்டும்?

முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்திருக்கிறது. பந்தாடுபவருக்கு அறுவதுபோல ஒரே நொடியில் அல்ல. பெரும்பாலான நாய்களுக்கு அது பழங்கயிறு போல இழை இழையாக இற்றுப்போகிறது. அதனால்தான் ஒரு காலில் அறுந்தவற்றில் ஏறக்குறையப் பாதி நாய்களுக்கு மறுகாலிலும் பின்னர் அறுகிறது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். ஜவ்வு போனால் ஒவ்வோர் அடிக்கும் தொடையெலும்பு அந்தச் சரிவில் வழுக்கும், இடையிலுள்ள குருத்தெலும்பு மெத்தை நசுங்கும்.

சில வாரங்களில் நொண்டல் குறையலாம். மூட்டைச் சுற்றித் தழும்பு தடித்து இறுகியிருக்கும். உள்ளே தேய்மானம் நிற்காது. அறுவை செய்யாத நாய்களைப் பற்றி 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 கிலோவுக்குக் கீழே இருந்தவற்றில் 86 சதவீதம் தேறின. அதற்கு மேலே இருந்தவற்றில் 19 சதவீதம்தான். லாப்ரடாரின் எடை 30 கிலோவைத் தொடும்.

பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993இல் எழுதிய முறை, ஜவ்வைத் தைப்பதே இல்லை. எலும்பை வளைவாக அறுத்துச் சற்றுச் சுழற்றி, சரிவைக் குறைத்துப் பிளேட் வைத்து முடுக்குகிறது. செலவு அதிகம், அதை மறைக்கவில்லை. பணமில்லை என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழை கட்டும் எளிய அறுவை இருக்கிறது, எடையைக் குறைக்கலாம், வலி மருந்து தரலாம். வலியே இல்லை என்பவரோடுதான் சண்டை.

இதே ஜவ்வு அறுந்த பூனைகள் பல, கூண்டில் சில வாரம் ஓய்வு கொடுத்தாலே தேறிவிடும். ஆனால் வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.