சொந்த அலுவல்

பிப்ரவரி 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992ஆம் ஆண்டு அந்நாளை உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் திருச்சபை அதனைக் கொண்டாடி வருகிறது. நம் பங்குகளிலும் அன்று நோயாளரை நாற்காலியில் வைத்தும் தோளில் தாங்கியும் ஆலயத்துக்கு அழைத்து வருகிறார்கள். நோயில்பூசுதல் வழங்கப்படுகிறது, துன்பத்தின் மாண்பைப் பற்றி மறையுரை நிகழ்த்தப்படுகிறது, இறுதியில் ஆளுக்கொரு பழப்பொதியும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த நாற்காலியைத் தூக்கி வந்தவரிடம் எவரும் ஒரு கேள்வி கேட்டதாக நான் கண்டதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அது வேலைநாள். இன்று உங்கள் வேலைக்கு என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். விடுப்பு விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்துக்கு எதிரே 'சொந்த அலுவல்' என்று எழுதியிருப்பார். வீட்டுமனைப் பதிவுக்குப் போகிறவரும், மைத்துனர் மகள் காதணி விழாவுக்குப் போகிறவரும் எழுதுகிற அதே இரண்டு சொற்கள். மணமேடையில், ஊரார் முன்னிலையில், அருட்பணியாளர் சாட்சியாக, உடல்நலத்திலும் நோயிலும் கைவிடேன் என்று கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது அலுவலகத்தின் கணக்கில் சொந்த அலுவல். திருச்சபை அதனைத் திருவருட்சாதனம் என்கிறது. திருச்சபையே நடத்துகிற பள்ளியின் பதிவேட்டிலும் அது சொந்த அலுவல்தான் என்பதே என் வழக்கு.

என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தபின் ஆறாண்டுகள் டயாலிசிஸ் நடந்தது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். இதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. ஆண்டுக்கு 156 முறை. எனக்கு உரிய தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். கணக்கு ஆசிரியனாகிய நான் இந்தக் கழித்தலைப் பலவிதமாகப் போட்டுப் பார்த்தேன், விடை மாறவில்லை. அதிகாலை ஆறு மணி முறையில் இடம் கிடைத்தால் அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, ஊசி குத்தியதும் புறப்பட்டு, முதல் மணிக்கு முன் பள்ளிக்கு ஓடலாம். இரத்த அழுத்தம் சரிந்தாலோ, பேருந்து தவறினாலோ, அந்த நாள் போயிற்று. வீடு திரும்பியபின் காய்கறியை வெட்டி, வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிச் சமைக்க வேண்டும். பொட்டாசியம் குறையவேண்டும் என்பதற்காக. வாழைப்பழமும் இளநீரும் ஆகா. (நோயாளர் நாளின் பழப்பொதியில் வாழைப்பழங்கள் இருந்தன, கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை.) குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். இரவில் எழுந்து, இடக்கையில் நரம்பு இணைத்த இடத்தைத் தொட்டு, உள்ளே அந்த அதிர்வு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதிர்வு இருந்தால் மறுபடி உறங்கலாம்.

இவற்றில் எதுவும் என்னைத் தளர்த்தவில்லை என்று சொன்னால் பொய். ஆயினும் என்னை உண்மையில் சிறுமைப்படுத்தியது வேறொன்று. மூன்றாம் ஆண்டின் நடுவில் விடுப்பெல்லாம் தீர்ந்தபோது, நிருவாகத்தில் பொறுப்பிலிருந்த ஒருவர் எனக்கு நன்மை செய்வதாக எண்ணி ஒரு வழி சொன்னார்: "உங்களுக்கே முதுகுவலி என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள், சார்." வாங்கினேன். என் நோய்க்கு மருத்துவ விடுப்பு உண்டு. என் மனைவியின் நோய்க்கு இல்லை. ஆகவே நலமாயிருந்த நான் நோயாளி என்று கையொப்பமிட்டேன். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பொய்ச்சான்று கூடாது என்னும் எட்டாம் கட்டளையைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஒப்புரவுத் தொட்டியில் அதனை அறிக்கையிட்டேன். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் பாவம் என்னுடையது மட்டும்தானா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. ஓர் ஏற்பாடு தன் ஊழியரைப் பொய் சொல்லத் தூண்டிவிட்டு, பிறகு அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டு கோப்பிலும் சேர்க்கிறது. அதன் பங்கை அறிக்கையிடப் போவது யார்?

தோபித்து நூலை நாம் திருமணத் திருப்பலியில் வாசிக்கிறோம். தோபியாவும் சாராவும் திருமண இரவில் செய்த மன்றாட்டு அழகானது. ஆனால் அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தை எந்த மணமக்களுக்கும் எவரும் வாசித்துக் காட்டியதில்லை. நினிவேயில் தோபித்து, குருவிகளின் எச்சம் விழிகளில் விழுந்து பார்வை இழக்கிறார். மருத்துவரிடம் போகப்போகக் கண் மேலும் கெடுகிறது. உறவினர் அகிக்கார் இரண்டாண்டுகள் ஆதரிக்கிறார். பிறகு அவரும் வேறு ஊர் போய்விடுகிறார். அப்போது மனைவி அன்னா நெசவு வேலைக்குக் கூலிக்குச் செல்கிறாள். ஒரு நாள் நெய்ததை ஒப்படைத்தபோது, வேலை கொடுத்தவர்கள் முழுக்கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் ஆடு கத்துகிறது. இது திருடியது அல்லவா, திருப்பிக் கொடு என்று கணவர் கடிந்துகொள்கிறார். அவள் சீறுகிறாள்: நீர் செய்த அறமெல்லாம் எங்கே போயிற்று?

எத்தனையோ மறையுரைகளில் அன்னாவைப் பொறுமையற்ற மனைவிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டக் கேட்டிருக்கிறேன். நான் அவள் பக்கம். பகலெல்லாம் தறியில் இருந்து, மாலையில் பார்வையற்றவரின் கையைப் பிடித்து நடத்தி, கூலியோடு கிடைத்த ஓர் ஆட்டுக்குட்டிக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறவள் வேறு என்ன கேட்பாள்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வீட்டில் அந்த மாதம் கருணை காட்டியது உறவும் அல்ல, ஊரும் அல்ல, வேலை கொடுத்தவர்கள். கூலிக்கு மேல் ஓர் ஆட்டுக்குட்டி. விவிலியம் அவர்களுடைய பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நடுவண் அரசின் பெண் ஊழியர், குழந்தைகளைப் பேணப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் விடுப்புப் பெறலாம். மகப்பேற்றுக்கு 2017 முதல் 26 வாரம். இவை போராடிப் பெற்ற நல்ல உரிமைகள். தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ., தொழிலாளி தானே நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது தருகிறது. குடும்பத்தாருக்கு மருத்துவமும் தருகிறது. ஆனால் மனைவியை அந்த மருத்துவத்துக்கு அழைத்துச் செல்பவன் இழக்கும் கூலிக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே செவிலியரை அனுப்புகிறது. மனமாரப் பாராட்டுகிறேன். சிகிச்சை இலவசமாயிற்று; சிகிச்சைக்குப் போகிற நாள் இலவசமாகவில்லை. கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அந்த நாளின் விலை, அந்த நாளின் முழுக்கூலி.

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்தே செய்யும் வேலை, நோயாளியையும் பார்த்துக்கொள்ளலாம், எவ்வளவு வசதி என்பார்கள். மடியில் சுளகு, அருகில் பாயில் இருமும் கணவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. நடுவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க, கழிவு எடுக்க, கஞ்சி ஊட்ட எழுந்த நேரமெல்லாம் அந்த ஆயிரத்திலிருந்து குறையும். குறைந்ததை இரவில் சுற்றுவார்கள். இலைத்தூளும் புகையிலைத்தூளும் நோயாளியின் மூச்சிலும் போகும். இந்த வசதியை நாம் வசதி என்று சொல்லாதிருப்போமாக.

"குடும்பம் எதற்கு இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. யார் அந்தக் குடும்பம்? நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆண்களில் 26 பேர். ஈடுபட்டவர்களிலும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். குடும்பம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு மருமகளையோ, பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு மகளையோதான் சொல்கிறோம். என் அனுபவத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனைவிக்குச் சோறு வடித்ததற்காக என்னைப் புனிதர் என்று அன்பியக் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். அதே தெருவில், பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பத்தாண்டுகளாகத் தூக்கிச் சுமந்துகொண்டே சத்துணவுக்கூடத்தில் சமைத்து வந்த அம்மையாரை ஒருவரும் புகழவில்லை. அவர் மனைவியாயிற்றே!

சிலுவையைச் சொல்லி வாயடைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். சீரேன் ஊர்ச் சீமோன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவரைப் பிடித்து, கட்டாயப்படுத்தி, சிலுவையைத் தோளில் ஏற்றினார்கள் படைவீரர்கள். சீமோனைத் திருச்சபை நன்றியோடு நினைக்கிறது. அவர்மேல் சுமையை ஏற்றியவர்களை எவரும் நினைப்பதில்லை. நம்மில் பலர், சீமோனுக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டு படைவீரர்களின் வேலையைச் செய்கிறோம்.

நல்ல சமாரியரோ அடிபட்டவரின் பக்கத்திலேயே வாழ்நாளெல்லாம் உட்காரவில்லை. மறுநாள் தம் வழியே போனார். அவருக்கும் அலுவல் இருந்திருக்கும். போகுமுன் இரண்டு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. பராமரிப்புக்கு ஆளும் பணமும் வேண்டும் என்பதையும், அதனை ஒருவரே தாங்க முடியாது என்பதையும் ஆண்டவர் அந்த உவமையிலேயே வைத்திருக்கிறார்.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகத் தொழிலாளர் அமைப்பு தன் 156ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. குழந்தைகளை மட்டுமன்றி, தம் பராமரிப்பு தேவைப்படும் குடும்பத்தாரைத் தாங்கும் தொழிலாளருக்கும் அது பாதுகாப்புக் கேட்கிறது. இந்தியா அதனை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை எழுதினார். உழைப்பின் ஏற்பாடு முழுவதும் மனிதரின் தேவைகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக இல்லற வாழ்வுக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்பது அதில் உள்ள போதனை. அமெரிக்காவில் 1993இலேயே, மணத்துணையின் கடும் நோய்க்கு வேலை பறிபோகாமல் 12 வாரம் விடுப்பு என்று சட்டம் வந்தது. ஊதியமில்லாமல்தான், அதுவும் எல்லாருக்கும் அல்ல. இருந்தும், அந்த விடுப்புக்கு அங்கே ஒரு பெயராவது இருக்கிறது.

அரசு செய்யட்டும் என்பீர்கள். செய்ய வேண்டும்தான். அரசு உதவி பெறும் பணியிடங்களில் அரசின் விதியை நாம் மாற்ற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் சுயநிதிப் பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், அச்சகங்களிலும், விடுதிகளிலும் விதி எழுதுகிற பேனா நம் கையில் இருக்கிறது. இரவு முழுவதும் பிறர் கணவருக்குப் பணிவிடை செய்கிற செவிலியர், தம் கணவருக்கு அறுவைசிகிச்சை என்று மூன்று நாள் கேட்டால் சம்பளப் பிடித்தம் என்கிற விதியை எழுதியது அரசு அல்ல. சிறு நிறுவனத்தால் தாங்க முடியுமா என்பது நேர்மையான கேள்வி. தனித்தனியே தாங்க முடியாது. மறைமாவட்டத்து நிறுவனங்கள் எல்லாம் ஆளுக்குச் சிறிது போட்டு ஒரு பொதுநிதி வைத்தால், மாற்று ஆசிரியருக்கும் மாற்றுச் செவிலியருக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். கால அட்டவணையில் முதல் இரண்டு பாடவேளைகளை மாற்றிப் போட நிதியே தேவையில்லை; எனக்கு அந்த உதவியை ஐந்தாம் ஆண்டில், புதிதாக வந்த தலைமையாசிரியர் தாமாகவே செய்தார். அதன்பின் நான் ஒரு சான்றிதழும் வாங்கவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி கொண்டுவருகிறார்கள். வாரத்தில் ஒரு காலை நோயாளியோடு மருத்துவமனைக்குப் போய் உட்காரவும் அவர்களால் முடியும். தேர்த் திருவிழா வாணவேடிக்கைச் செலவைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பேசினால் கட்டுரை நீளும்.

சென்ற மாதம், விடுப்புப் படிவங்கள் அச்சிடும் அச்சகத்துக்குப் போயிருந்தேன். 'காரணம்' என்பதன் கீழே 'தன் நோய்', 'சொந்த அலுவல்' என்ற இரண்டோடு 'கணவர் அல்லது மனைவியின் நோய்' என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க எவ்வளவு கூடுதலாகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, அடுத்த முறை அச்சிடும்போது நிருவாகத்திலிருந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.