சேர்ப்பவர் சொந்தக்காரர் அல்ல... காவல்காரர்!

தம்பி, தங்கைகளே! உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் எதைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?

தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் வீரர் அட்டை... ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். "இந்தக் குப்பையை எல்லாம் எதுக்குச் சேர்க்கிறே? போய்ப் படி!" என்று வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். இன்னொரு பக்கம், "பழைய அஞ்சு ரூபாய் நோட்டு இருக்கா? லட்ச ரூபாய் தருகிறோம்!" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது.

ஒருவர் குப்பை என்கிறார். இன்னொருவர் லட்சம் என்கிறார். இருவர் கட்சியிலும் நான் இல்லை. பழைய பொருள் என்பது நம் வீட்டில் கொஞ்ச காலம் தங்கிப் போகும் விருந்தாளி. நமக்கு முன்னால் வேறு யாரிடமோ இருந்தது. நமக்குப் பிறகு வேறு யாரிடமோ போகும். நடுவில் அதைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்வதுதான் நம் வேலை. சேர்ப்பவர் சொந்தக்காரர் அல்ல, காவல்காரர்!

எப்படி என்கிறீர்களா? வாருங்கள், தஞ்சாவூருக்குப் போவோம்.

புத்தகம் சேர்த்த ராஜா

இரண்டாம் சரபோஜி மன்னர் 1798-ஆம் ஆண்டு பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னர் என்ற பட்டமும், தஞ்சைக் கோட்டையும், கம்பெனி கொடுத்த பணமும்தான் மிச்சம். வேறு ஒருவராக இருந்தால் வேட்டை, விருந்து என்று காலத்தை ஓட்டியிருப்பார். சரபோஜியோ புத்தகம் சேர்த்தார்!

நாயக்க மன்னர்கள் காலத்திலேயே அரண்மனையில் ஏட்டுச்சுவடிகள் இருந்தன. அவற்றோடு இவர் மேலும் மேலும் சேர்த்தார். காசிக்கு யாத்திரை போனபோதுகூட வடநாட்டுச் சுவடிகளைத் தேடி வாங்கினார். கிடைக்காதவற்றைப் படி எடுக்கச் சொன்னார். ஐரோப்பாவில் அச்சான நூல்களை ஆயிரக்கணக்கில் கப்பலில் வரவழைத்தார். அந்தப் புத்தகங்கள் பலவற்றில் அவருடைய கையெழுத்து இன்றும் இருக்கிறது.

1832-இல் மன்னர் மறைந்தார். 1918-இல் அந்த நூலகம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. அதுதான் இன்றைய சரசுவதி மகால் நூலகம். ராஜா ஆசை ஆசையாகச் சேர்த்ததை இன்று நம் வீட்டுத் தாத்தா, பாட்டி முதல் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் வரை வந்து பார்க்கிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துச் சிறு துணியில் முடிந்து சுவடிகளோடு வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. காவல் என்றால் இதுதான் காவல்!

"அந்த முட்டாள் நான்தான்!"

"அவர் ராஜா. எங்களிடம் கஜானா இல்லையே?" என்று கேட்பீர்கள். கஜானா வேண்டாம். தபால்தலைக்கு ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். தபால்தலை சேர்ப்பதை, 'பொழுதுபோக்குகளின் ராஜா, ராஜாக்களின் பொழுதுபோக்கு' என்று சொல்வார்கள்.

இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தபால்தலைப் பைத்தியம். 1904-இல், இளவரசராக இருந்தபோது, மொரிஷியஸ் தீவின் நீல நிறத் தபால்தலை ஒன்றை ஏலத்தில் 1,450 பவுன் கொடுத்து வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். "யாரோ ஒரு முட்டாள் ஒரு தபால்தலைக்கு 1,450 பவுன் கொடுத்தானாமே?" என்று ஒருவர் அவரிடமே கேட்டாராம். "அந்த முட்டாள் நான்தான்!" என்றாராம் இளவரசர்.

அதே ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்து 25 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 1935-இல் இந்தியாவில் வெள்ளிவிழாத் தபால்தலைகள் 7 வெளிவந்தன. அதில் ஓர் அணாத் தபால்தலையில் என்ன படம் தெரியுமா? நம் ராமேஸ்வரம் கோயில்! பக்கத்தில் மன்னரின் தலை. ராஜா இருப்பது லண்டனில், கோயில் இருப்பது ராமேஸ்வரத்தில். இரண்டையும் ஏன் ஒரே தபால்தலையில் போட்டார்கள்? "இந்த நாடும் எங்களுடையது" என்று காட்டத்தான்.

நம் சரபோஜி மன்னரும் இப்படி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கம் கடற்கரையில் எட்டு அடுக்காக நிற்கும் மனோரா கோபுரம்தான் அது. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதன் நினைவாகக் கட்டியது. அங்குள்ள கல்வெட்டில் 1814 என்ற ஆண்டு இருக்கிறது. நெப்போலியன் எங்கே, தஞ்சைக் கடற்கரை எங்கே! கம்பெனியின் நண்பர் என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலை அன்றைய மன்னருக்கு.

ராஜாக்களின் நினைவுப் பொருள் எல்லாமே, "எங்களை இப்படி நினைத்துக் கொள்ளுங்கள்" என்று நம்மிடம் சொல்கின்றன. யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, ஏன் சொன்னது என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தால் ஒரு தபால்தலையே ஒரு சரித்திரப் பாடம்.

நம் ஊரில் இருந்து தொடங்குங்கள்

உலகம் முழுவதும் சேர்க்க நினைத்தால் மூச்சு முட்டும். காவிரிக் கரையில் இருந்து தொடங்குங்களேன்!

திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகள் மூவருக்கும் இந்தியத் தபால்தலை உண்டு. தியாகராஜருக்கு 1961-இல், முத்துசுவாமி தீட்சிதருக்கு 1976-இல், சியாமா சாஸ்திரிக்கு 1985-இல். மூவரும் ஒரே பக்கத்தில் சேர 24 ஆண்டுகள் ஆயின!

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனுக்கு 1962-இல் வந்தது. ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து அச்சில் ஏற்றிய உ.வே.சாமிநாதையருக்கு 2006-இல் வந்தது. தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995-இல் ராஜராஜ சோழன் தபால்தலை வந்தது. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-இல் கோயிலுக்கே தபால்தலை வந்தது. 5 ரூபாய் நினைவு நாணயமும் வந்தது.

பெரிய கோயில் ரூபாய் நோட்டிலும் இருந்தது, தெரியுமா? 1954-இல் வந்த 1,000 ரூபாய் நோட்டில் தஞ்சைக் கோயில் படம் இருந்தது. 1978-இல் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

"எங்கிருந்து வந்தது?"

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ் புதிய ஏற்பாடு ஒன்று சரபோஜி மன்னரிடம் இருந்தது. சரசுவதி மகாலில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2005-இல் அது காணாமல் போனது. பல ஆண்டுகள் கழித்து, லண்டனில் உள்ள ஒரு சேகரிப்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்ததாகத் தமிழகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் அறிவித்தது.

இன்னொன்று, சரபோஜியும் அவர் மகன் சிவாஜியும் சேர்ந்து இருக்கும் பழைய ஓவியம். அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகம் 2006-இல் அதை விலை கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய காகிதங்கள் பொய் என்று பிறகு தெரிந்தது. 2015-இல் அருங்காட்சியகம் ஓவியத்தை அதிகாரிகளிடம் ஒப்படைத்தது.

பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே ஏமாந்தார்கள், பார்த்தீர்களா? ஒரு திருடன் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம், வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியம்தான். "இது எங்கிருந்து வந்தது?" என்று வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்டால், திருட்டுப் பொருளை எங்கே விற்பது?

உங்களுக்கும் இது பொருந்தும். நண்பன் புதிதாக ஒரு தபால்தலையை நீட்டினால், வாங்குவதற்கு முன் கேளுங்கள். "தாத்தா பெட்டியில் இருந்து சொல்லாமல் எடுத்தேன்" என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போதோ, வயலில் மண் வெட்டும்போதோ பழைய காசு, சிலை கிடைத்தால் ஒளித்து வைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் கொடுங்கள். சோழர் காசு உருக்கப்பட்டு விட்டால், அது சொல்ல வேண்டிய கதையும் அதோடு உருகிவிடும்.

அந்த 'லட்ச ரூபாய்' விளம்பரத்தையும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், நோட்டு வாங்குவதாக மோசடி நடக்கிறது என்று 2021-இல் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது.

காவல்காரருக்குச் சில யோசனைகள்

* பழைய கடித உறையில் இருக்கும் தபால்தலையைப் பிய்க்காதீர்கள். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, தண்ணீரில் ஊற வையுங்கள். தானாகக் கழன்று வரும். நிழலில் காய வையுங்கள்.

* மிகப் பழைய உறை என்றால் தபால்தலையை எடுக்கவே வேண்டாம். முத்திரையில் இருக்கும் ஊரும் தேதியும்தான் அதன் ஜாதகம்!

* பசை தடவி ஒட்டாதீர்கள். ஆல்பத்தில் செருகி வையுங்கள். எடுக்க இடுக்கி இருந்தால் நல்லது. விரல் வியர்வை பட்டால் கறை படியும்.

* ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆல்பத்தைச் சுவர் ஓரமாக வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

* ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: என்ன படம், எந்த ஆண்டு, யார் கொடுத்தது.

கடைசி யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'அத்தை சிங்கப்பூரில் இருந்து எழுதிய கடிதத்தில் இருந்தது' என்று எழுதி வைத்த தபால்தலைக்கும், எதுவும் எழுதாத தபால்தலைக்கும் எவ்வளவு வித்தியாசம்!

6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தபால்தலை சேர்ப்பவர்களுக்காக அஞ்சல் துறை 2017-இல் 'தீன்தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வு பெறுபவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். தலைமை அஞ்சலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சேகரிப்பைத் தங்கைக்கோ, பக்கத்து வீட்டுப் பையனுக்கோ பிரித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் கதையையும் சொல்லுங்கள். பூட்டி வைத்த பெட்டியைக் காப்பதற்கு ஒரு பூட்டே போதும். கதையைக் காப்பதற்கு நீங்கள்தான் வேண்டும்.

என்ன காவல்காரர்களே, தயார்தானே?