ராஜம் கடிதம் போடுவானா?

"ஸ்கூலுக்குப் போயும் கதைப் புத்தகமா? ஒரு நோட்ஸ் வாங்கிக் கொடுத்தா ஒரே ராத்திரியிலே முடிஞ்சுடாதா, டீச்சர்?" இப்படி என்னிடம் கேட்ட அம்மாக்கள் ஒருவர் இருவர் அல்ல. பரீட்சைக்கு நோட்ஸ் போதும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாவலைப் படிக்கும்போது கிடைப்பது எந்த நோட்ஸிலும் கிடைக்காது, சகோதரிகளே.

எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1935-ல் வந்த புத்தகம், 19 அத்தியாயங்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட். பேச்சு வருகிற இடத்தில் ஆளுக்கொரு பாத்திரம். மணிக்கு முரட்டுக் குரல், ராஜத்துக்கு அதிகாரக் குரல். மற்றதை நானே வாசித்து, வேண்டிய இடத்தில் தமிழிலும் சொல்வேன். தட்டுத் தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டே வரி உள்ள பாத்திரம். தனியே விட்டால் மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிற பிள்ளைகள்கூட, "அடுத்த பீரியட் எப்போ, டீச்சர்?" என்று பின்னாலேயே வருவார்கள். கேள்வி பதில் எழுதுவதெல்லாம் கதை முடிந்த பிறகுதான். நடுவில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், சாதத்தில் கல் கடிபட்ட மாதிரி!

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். சுவாமி ஊரைவிட்டு ஓடிப்போய் கிரிக்கெட் மேட்சுக்கு வராமல் போகிறான், டீம் தோற்கிறது, ராஜம் அவனோடு பேச்சை நிறுத்திவிடுகிறான். பிறகு ராஜத்தின் அப்பாவுக்கு மாற்றலாகிறது. ரயில் நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் சுவாமியின் பரிசுப் புத்தகம் அவன் கைக்குப் போகிறது. அதற்கு முன் அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தும், இரைச்சலில் அது வெளிவரவில்லை. தன்னை நினைக்கிறானா என்று சுவாமி கேட்க, கடிதம் போடுவான் என்கிறான் மணி. அது நிஜமா, வெறும் சமாதானமா? நாராயண் சொல்லாமலே முடித்துவிடுகிறார்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"புஸ்தகத்தை வாங்கிக்கிட்டானே, கோபம் போயிருக்கும்!"

"மணி பொய் சொல்றான், டீச்சர். சுவாமி அழக்கூடாதுன்னு."

"அப்போ அந்தப் பொய் தப்பா, இல்லையா?"

மணி அடித்ததுகூடத் தெரியவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, வருஷம் பூராவும் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்தான். "போட மாட்டான் டீச்சர். எங்கண்ணனும் அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டுத்தான் போச்சு. அம்மா தெனம் தபால்காரரைப் பாத்துக்கிட்டே நிக்கும்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மணியாக வாசித்த பையன் மட்டும் மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உன் வீட்டைப் பற்றிச் சொல்லப்பா என்று நான் கேட்டிருந்தால் அந்தக் குழந்தை சொல்லியிருப்பானா? ராஜத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற தைரியத்தில் பேசினான்.

இது ஒன்றும் புது வழக்கம் இல்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, ஒருவர் படிக்க வீடே கேட்ட கதையை உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்களே! ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களும் நாலு பக்கம் படிக்கலாம். நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். மறுநாள் பிள்ளைகளே புத்தகத்தை எடுத்து வந்து நிற்பார்கள். அடுத்த தடவை ஸ்கூலுக்குப் போகும்போது, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, வகுப்பில் இப்போது என்ன கதை படிக்கிறார்கள் என்றும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.