மட்டாஞ்சேரி அரண்மனைக்கு ‘நண்பர்’ எதற்கு?

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டி, 1555ஆம் ஆண்டு வாக்கில் மன்னர் வீர கேரள வர்மாவுக்குப் பரிசளித்தவர்கள் போர்த்துகீசியர். மிளகு வணிகத்தில் சலுகை வேண்டியவர்கள் கொடுத்த பரிசு அது. 1663இல் அவர்களை விரட்டிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்தது. கட்டியவர் பெயரும் அதற்கு நிலைக்கவில்லை, குடியிருந்தவர் பெயரும் நிலைக்கவில்லை. பழுதுபார்த்த கம்பெனியின் பெயரால் அது இன்றும் ‘டச்சு அரண்மனை’ என்றே அழைக்கப்படுகிறது.

2017 செப்டம்பரில் ஒன்றிய அரசு பாரம்பரியச் சின்னங்களைத் தத்துக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த மாதமே விருப்பக் கடிதம் வழங்கப்பட்ட 14 இடங்களில் மட்டாஞ்சேரி அரண்மனையும் ஒன்று. அதற்கு ‘நண்பர்’ ஆகத் தேர்வானது டிராவல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. பெயரைக் கண்டு பொதுத்துறை என்று மயங்க வேண்டாம். அது தனியார் சுற்றுலா நிறுவனம். 2018இல் ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற கணக்கில் டால்மியா பாரத் நிறுவனம் செங்கோட்டைக்கே ‘நண்பர்’ ஆனது. 2023இல் இத்திட்டத்துக்கு இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது.

உரிமை கைமாறவில்லை, குடிநீர், கழிப்பறை, விளக்கு, சாய்வுப்பாதை ஆகியவற்றை மட்டுமே நிறுவனம் செய்யும், பதிலுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளும் என்கிறது அரசு. பெயர்ப்பலகை அற்பமான விலை அன்று என்பதை மட்டாஞ்சேரியைவிடத் தெளிவாக எந்த ஊர் சொல்லும்? 1951 முதல் ஒன்றிய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக உள்ள இடத்தில் கழிப்பறை கட்டக்கூட அரசிடம் பணம் இல்லையா? பாதுகாக்கப்பட்ட 3,693 சின்னங்களில் 248இல் மட்டுமே காவலர்கள் உள்ளனர் என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலில் ஆளில்லாமல் விட்டு வைப்பது, பிறகு ஆளில்லை என்று காட்டித் தனியாரை அழைப்பது: பொதுத்துறை ஆலைகளிலும் வங்கிகளிலும் தொழிலாளர்கள் பார்த்துப் பழகிய பாதைதான் இது.

அரசால் முடியாது என்பதற்குத் திருப்பூணித்துறை மலை அரண்மனை பதில் சொல்கிறது. கொச்சி அரச குடும்பத்திடமிருந்து மாநில அரசின் கைக்கு வந்த அந்த 54 ஏக்கர் வளாகம், 1986 முதல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உழைக்கும் குடும்பங்கள் சீட்டு வாங்கி உள்ளே சென்று அதன் தோட்டங்களில் உலவுகின்றன. அதே கொச்சியில் டச்சுக்காரர் 1744இல் கட்டிய போல்காட்டி அரண்மனையோ மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதியாக இருக்கிறது. அறை வாடகை கொடுக்க இயலாதவருக்கு அங்கே என்ன இடம் என்ற கேள்வியை, உரிமையாளர் பொதுத்துறை என்பதற்காக இடதுசாரிகள் கேட்காமல் இருக்கலாகாது.

எந்த வரலாற்றைச் சொல்வது என்பதும் நிர்வாகத்தைச் சார்ந்ததே. மட்டாஞ்சேரி அரண்மனையில் அரசர்களின் உருவப்படங்களும் பல்லக்குகளும் இருக்கின்றன. 1953இல் இதே மட்டாஞ்சேரியில், உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசியெறிந்து அன்றைய கூலிவேலையைப் பங்கிட்ட ‘சாப்பா’ முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர் போராடினர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பல்லக்குக்குப் பக்கத்தில் ஒரு சாப்பா வில்லையையும் வைக்க வேண்டும். சுற்றுலா நிறுவனம் அதை வைக்காது. தொல்லியல் துறையிடம் கேட்க முடியும். வைக்காவிட்டால் போராடவும் முடியும்.